மேல்வீட்டுத் தண்ணீர்

முதலில் அது ஒரு புகாராகத்தான் இருந்தது.
மயூர் விஹாரில் மே மாதம், இரவு ஒன்றரை,
மூன்றாம் மாடி ஏசியின் குழாய்
என் பால்கனித் தகரத்தில்
டொக்.
கொஞ்சம் விட்டு,
டொக்.
சங்கச் செயலாளருக்கு என் அரைகுறை இந்தியில்
ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
படியில் எதிர்ப்பட்ட பவன்ஜீத் கௌர் கேட்டார்:
"தண்ணீர்தானே விழுகிறது, தேளா?"

சத்தத்தை அடக்கத்தான் வாளியை வைத்தேன்,
உள்ளே ஒரு பழைய துண்டைப் போட்டு.
விடிந்து பார்த்தால் முக்கால் வாளி.

எங்கள் கட்டிடத்துக்குக் குழாயில் நீர் வருவது
காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை.
அதற்குள் மோட்டார், மேல்தொட்டி, இரண்டு டிரம்,
அரிசி களைந்ததைச் சேர்த்துவைக்க ஒரு குண்டான்,
குழாயைத் திறந்துவிட்டு முகம் மழிக்கும் கணவரோடு ஒரு சண்டை.
ஏழு சொம்பு போகிறது என்று எண்ணிச் சொன்னேன்.
மறுநாளிலிருந்து தாடி வளர்க்கிறார்.

ஆர்.ஓ. இயந்திரம்
ஒரு குடத்தைக் குடிக்கத் தந்துவிட்டு
மூன்று குடத்தை வேண்டாமென்று துப்பும்.
அந்த உப்பை ஊற்றித்தான் போன வருடம்
கறிவேப்பிலையைக் கருக்கினேன்.
இப்போது அது தரை துடைக்க, கழிவறைக்கு.

மேல்வீட்டுத் தண்ணீரில் உப்பே இல்லை.
கத்தரிக்கு ஊற்றினேன்.
பத்து நாளில் ஊதாப்பூ
தலை கவிழ்ந்து நின்றது, கல்யாணப் பெண் மாதிரி.

பிறகுதான் யோசித்தேன், இது எங்கிருந்து வருகிறதென்று.
மூடிய அறையின் காற்றைப் பிழிந்த நீர்.
அப்படியென்றால் இதில் பவன்ஜீத்தின் மூச்சு இருக்கிறது,
அவர் கணவரின் இருமல்,
ஞாயிற்றுக்கிழமை ராஜ்மாவின் ஆவி,
விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு
மகள் அழுத ஈரம்.
என் செடி
அந்தக் குடும்பத்தைக் குடித்து வளர்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் ஏசி பகலிலும் ஓட ஆரம்பித்தது.
வாளி போதவில்லை.
மாவு டப்பா, கைப்பிடி போன குக்கர்,
குளிக்கிற சொம்பு வரை கொண்டுவந்து வைத்தேன்.
புதினா குடித்தது, மணத்தக்காளி குடித்தது,
கீழ்வீட்டுத் துளசிக்கு ஒரு வாளி,
காவலாளி தினேஷ் சைக்கிளைக் கழுவிக்கொண்டான்.
எனக்கு ஒரே சந்தோஷம்.
மேலே ஆக்சிஜன் சிலிண்டர் ஏறியதை நான் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தேன்.
சமையல் கேஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை வாளி காய்ந்து கிடந்தது.
கட்டிடத்தில் யாருக்கும் முன்னால்
எனக்குத்தான் தெரிந்தது.
என்ன தெரிந்தது என்று மட்டும் தெரியவில்லை.
துண்டைத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன்,
படிகளில் நிறையச் செருப்புகள் ஏறும்வரை.

துக்க வீட்டுக்கு எங்கள் பக்கம் எதுவும் எடுத்துப்போவதில்லை.
ஆனாலும் ஆறு கத்தரிக்காய் பறித்துக்கொண்டு போனேன்,
ஏனென்று கேட்டால் பதில் இல்லாமல்.
அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.
"இந்த வெயிலிலா இப்படிக் காய்த்தது?" என்றார்.
தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஜூலை.
மழை வருகிறேன் வருகிறேன் என்று
காசியாபாத் பக்கமே நின்றுகொண்டிருந்தது.
மேலே ஏசி ஓடவில்லை.
ஒருத்திக்கு ஃபேன் போதாதா என்றாராம்.
துணி இயந்திரத்தின் கடைசி அலசலைப் பிடித்து ஊற்றினேன்.
போதவில்லை.
மத்தியானமானால் கத்தரி இலைகள்
ஆட்டுக் காதாய்த் தொங்கின.

நேற்று மாலை தகரத்தில்
டொக்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
நைலான் கயிற்றில் ஒரு பெயின்ட் டப்பா
தளும்பித் தளும்பிச் சுற்றியபடி
இறங்கிக்கொண்டிருந்தது.
மேல் கைப்பிடிச் சுவரில் அவர் முகம்.

"கீரை அலசியது. சோப்பெல்லாம் இல்லை," என்றார்.
"செடிக்கு ஊற்றிவிட்டுக் கயிற்றை ஆட்டு.
டப்பா எனக்கு வேண்டும்."