காரணம் ஏழு

வென்லோ நகருக்கு வெளியே
ஜன்னல் இல்லாத கட்டடம்.
நான்காம் வாசலில் இறங்குகிறது
வேண்டாமென்று திரும்பி வந்த சரக்கு.

போஷெனாவுக்கு ஒரு பொருளுக்கு
நாற்பத்தேழு விநாடி.
பிரி. பார். முகர்ந்தும் பார்,
வியர்வை வாடை அடித்தால் உபயோகித்தது.
காரண எண்ணைத் தட்டு. தள்ளு.
எதிர்வரிசையில் நான் அட்டைப்பெட்டி மடக்குகிறேன்.

ஜனவரியில் குளிர்கோட்டுகள் வரும்.
பிப்ரவரி பாதியில் மோதிரங்கள்.
மார்ச் பிறந்துவிட்டால் ஞானம் வரத் தொடங்கும்:
தியான மெத்தைகள்,
பிளக்கைச் செருகினால் நீர் சொரியும் புத்தர்கள்,
நூற்றெட்டில் ஒரு மணி குறைந்த மாலை.
யாரோ எண்ணியிருக்கிறார்கள்.
குறைவதைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது
எண்ணியிருக்கிறார்கள்.

காரணம் மூன்று: அளவு சரியில்லை.
காரணம் ஏழு: விவரித்தபடி இல்லை.
மெத்தைகள் பெரும்பாலும் ஏழு.
கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.
உள்ளே இருந்தது
படத்தில் இருந்ததுபோல் இல்லை.

"கிழக்கே இருந்து கப்பல் நிறைய அமைதி வருது,
இங்கே இருந்து வெறும் கண்டெய்னர் போகுது"
என்பான் மேற்பார்வை யோரிஸ்.
எல்லாப் புதியவர்களிடமும் இதைச் சொல்வான்.
சிரித்து முடிக்க அவர்களுக்கும்
நாற்பத்தேழு விநாடிதான்.

இன்று ஒரு கிண்ணம்.
உறையில் பொன்னெழுத்தில் 'இமயத்தின் மூச்சு'.
அடியில், எறும்பெழுத்தில், க்வான்ஜோ.
அனுப்பியவர் ஹெங்கலோவில் பல் வைத்தியர்.
காரணம் பதினொன்று: பழுது.
கூடவே ஒரு வரி:
'சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது.'

பாவம்,
பகலெல்லாம் துளையிடும் கருவியின் கீச்சுக் குரல்.
அதைக் கழுவிக்கொள்ள
இன்னொரு சத்தம் வாங்கியிருக்கிறார்.

க்வான்ஜோவில் இதைக் கடைந்தவனுக்கு
ஷுவேமிங் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.
கடைசல் இரைச்சலில் இடது காது போய்விட்டது.
மகனுக்கு இருபத்தொன்பதாம் மாடியில் வீடு, தவணையில்.
சோற்று இடைவேளையில் பங்குச்சந்தை.
செத்துப்போன அப்பாவுக்குப் போன வசந்தத்தில்
காகிதத்தில் செய்த கைபேசி எரித்து அனுப்பினான்,
காகித சார்ஜரோடு.
அது மட்டும் திரும்பி வரவில்லை.

ஒலிக்கும் பொருளை
ஒலிக்கவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விதி.
மரக்கட்டையால் விளிம்பில் ஒரு தட்டு.

நான் மடக்கிக்கொண்டிருந்த அட்டையில்
விரல்நுனிக்கு ஏதோ வந்தது.
பன்னிரண்டு. இருபது. முப்பத்தைந்து.
போஷெனா கிண்ணத்தின் மேல் குனிந்தபடியே இருந்தாள்,
கொதிக்கும் பாலைப் பார்ப்பவள்போல்.
நாற்பத்தேழில் அவள் மணிக்கட்டுக் கருவி கத்தியது.
அந்தக் கத்தலுக்கு அடியில்
கிண்ணம் தன்பாட்டுக்கு இருந்தது.

யோரிஸ் வேகமாக வந்தான்.
வந்தவன் நின்றான்.
திட்ட வாயெடுத்தவன் காதைக் கொடுத்தான்.
எண்பதா தொண்ணூறா,
எங்கே முடிந்தது என்று மூவருக்கும் தெரியவில்லை.
கேட்பதை நாங்கள் நிறுத்தியதுதான்
முடிவோ என்னவோ.

"அமைதியா இருந்ததா?" என்றேன் அவளிடம்.
"பல் கூசுது" என்றாள்.
கடைவாயில் வலதுபக்கம்.
இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டு வருகிறாள்,
காப்பீட்டில் பல் சேராது.

பழுது இல்லை என்று பதிந்தாள்.
ஆனாலும் பன்னிரண்டு யூரோவுக்குக் கீழென்றால்
மறுபடி அடுக்க ஆகும் கூலி கட்டுப்படியாகாது.
கழிவுக் கூண்டில் போட்டாள்,
முதல் பொருளாக,
வாய் மேல்நோக்கி.

அதன்பின் மதியம் முழுக்க
அதன்மேல் விழுந்தன
முடி நிமிர்த்தும் கருவி,
சங்கிலி அறுந்த கைக்கடிகாரம்,
ஒற்றைச் செருப்பு.
ஒவ்வொன்றுக்கும் அது பதில் சொன்னது,
செருப்புக்குக்கூட, தாழ்ந்த குரலில்.

ஒவ்வொரு முறையும் போஷெனா
கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.
மறு கையால் அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.