பதினேழாம் கட்டம்

மருந்துக் கோரிக்கைப் படிவத்தில்
பதினேழாவது கட்டம்: பயன்பெறும் மக்கள் தொகை.
எட்டாயிரத்து நூறு என்று எழுதுவேன்.
எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களின் கணக்கு அது.
தெற்குச் சூடானிலிருந்து வந்து
எங்கள் எள்ளுக் கொல்லைகளுக்கு நடுவே
தார்ப்பாய் கட்டியவர்களுக்கு
வேறு படிவம், வேறு அலுவலகம், வேறு லாரி.
இரண்டு லாரியும் சிக்குவது ஒரே பள்ளத்தில்.

நான் அன்டாமா. நைலுக்கு மேற்கே
ஒரு சுகாதார நிலையத்தின் கிடங்குக் காப்பாளன்.
டாக்டர் இல்லை. சாவி மட்டும் என்னிடம்.
மாதத்துக்கு முப்பது நாள் என்பது நாட்காட்டியின் பேச்சு;
என் அலமாரிக்குப் பதினொன்று.
பன்னிரண்டாம் நாள் காய்ச்சலோடு வருகிறவரிடம்
நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்போம்.
தண்ணீருக்கும் வரிசை.

பிறகு அந்த இருமல் வந்தது.
விமானம் நின்றது. லாரி நின்றது.
வேறு லாரியும் நின்றது.
இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றது ரேடியோ.
எங்கள் வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஒரு வாளி வைக்கலாம்,
சின்ன வாளி.
சிஸ்டர் எசாரு ஒரே முகக்கவசத்தை
இரவில் துவைத்து
காலையில் ஈரத்தோடு கட்டிக்கொண்டாள்.
அது கிழிந்ததும் உள்பாவாடையை வெட்டினாள்.
நீலம், பூப்போட்டது.
யாரும் கிண்டல் செய்யவில்லை.
ஒருவன் செய்தான். அவனுக்கு ஊசி போட்டவள் அவள்தான்.

ஜூலையில் ஆறு சிலிண்டர்கள் வந்தன.
கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள்,
வயிற்றில் ஒரு ஸ்டிக்கர்:
அகதிகளுக்கு மட்டும்.
கொடுத்த கை நல்ல கைதான், தூரத்துக் கை.
எங்கோ ஒரு மேசையில் யாரோ
தம் ஊர்க்காரர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்திருக்கும்,
உங்கள் காசு யார் மூச்சுக்குப் போகிறதென்று.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய் இரவு இருவர்.
ஜொகுடு, ஒரு தையல் மிஷினின் தலையை மட்டும்
சுமந்துகொண்டு எல்லை தாண்டியவள்.
ட்ராரு, அவளுக்கு நிலம் தந்தவள்.
மூன்று பாத்தி என்று சொல்லி
இரண்டரை அளந்தாள் ட்ராரு.
அந்த அரைப் பாத்திக்காக நான்கு வருடச் சண்டை,
ஒருத்தி அடுப்பிலிருந்து மற்றவள் நெருப்பு வாங்கிக்கொண்டே.
ஒரே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்கள்,
விழாமல் இருக்க இருவரையும்
ஒரு துணியால் சேர்த்துக் கட்டி.

விரல்நுனிக் கருவி ஜொகுடுவிடம்
எண்பத்தொன்பது காட்டியது.
ட்ராருவிடம் எழுபத்தெட்டு.
சிஸ்டர் என்னைப் பார்த்தாள்.
நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

சிலிண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
ஸ்டிக்கர் சுண்ணாம்பைப் படித்துக்கொண்டிருக்க
ஒரு வாயிலிருந்து இரண்டு குழாய் போயிற்று.
இரவெல்லாம் குமிழிச் சத்தம்,
கூழ் கொதிப்பதுபோல.

விடியுமுன் ஜொகுடு மாஸ்க்கை விலக்கினாள்.
"அவளுக்குக் கூடப் போகிறது," என்றாள்.
ட்ராருவுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.
கை மட்டும் மெல்ல எழுந்து
காற்றில் அளந்து காட்டியது: இரண்டரை.
சிரித்ததில் இருவருக்கும் அளவு இறங்கிவிட்டது.
சிஸ்டர் திட்டினாள்.

வியாழக்கிழமை ஆறாவது சிலிண்டரும் தீர்ந்தது.
அடுத்த லாரி ஞாயிறன்று வந்தது.
நடுவில் வெள்ளி, சனி.
ட்ராரு வெள்ளிக்கிழமை.

அவள் மகன் அந்த அரைப் பாத்தியை
ஜொகுடுவுக்கு விட்டுக்கொடுத்தான்.
அவள் வாங்கவில்லை.
"இனி யாரோடு சண்டை போடுவேன்?" என்றாள்.

தணிக்கைக்கு வந்தவர் பணிவாகத்தான் கேட்டார்,
ஆறில் எத்தனை அகதிகளுக்கு என்று.
ஆறும் மூச்சுக்கு என்றேன்.
அதற்கு அவர் தாளில் இடமில்லை.

இந்த மாதம் பதினேழாம் கட்டத்தில்
இரண்டு பக்கத்தையும் கூட்டினேன்,
தார்ப்பாயும் ஓலைக்கூரையும்.
பத்தொன்பதாயிரத்து நானூறு.
ஒன்றைக் கழித்தேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது: சரிபார்க்கவும்.
சரிபார்த்து, அதையே எழுதி அனுப்பினேன்.
கட்டம் சின்னது.
கடைசி இலக்கம் கோட்டுக்கு வெளியே நிற்கிறது.