மூன்றில் ஒரு பங்கு

நேற்றிரவே பிடித்து வைத்துவிட்டேன்
இரண்டு ஐந்து லிட்டர் கேன்களில், மூடி திறந்தபடி.
குளோரின் வாடை போக
ஓர் இரவு வேண்டும் தண்ணீருக்கு.
ஜன்னலுக்கு வெளியே
கிளைபேடா துறைமுகத்தின் கிரேன்கள்
பனிமூட்டத்தில் கழுத்தை நீட்டி
எதையும் தூக்காமல் நிற்கின்றன.
ஞாயிறு.

தௌரஸ் பலங்காவில், அவன் அப்பா வீட்டில்.
இந்த வாரம் அவர் முறை.
மீன் மட்டும் முறை மாறுவதில்லை.
பேருந்தில் குலுங்கினால் செத்துப்போகும் என்பது
நானும் வைதோதஸும்
வக்கீல் இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்.

பிளக்கைப் பிடுங்குகிறேன்.
ஹீட்டரின் சிவப்புக் கண் மூடுகிறது.
கண்ணாடியில் நீல டேப்பால் ஒரு கோடு,
அதன்மேல் எட்டு வயதுக் கையெழுத்து:
இதுக்குக் கீழே போகாதே.
கடைக்காரரிடம் கேட்டு வந்து
அளவுகோல் வைத்து ஒட்டினான்.
மூணுல ஒரு பங்குதான் எடுக்கணும் அம்மா,
முழுசா மாத்தினா
அட்மிரலுக்குத் தன் வீடே அடையாளம் தெரியாது.

குழாயின் ஒரு முனை கூழாங்கற்களில்
மறுமுனை என் வாயில்.
உறிஞ்சுவதை எந்த நொடியில் நிறுத்துவது என்பது
ஐந்து மாதமாகியும் பிடிபடவில்லை.
இன்றும் ஒரு மடக்கு.
பாசியும் ஊறிய தீனியும்
கொஞ்சம் இரும்பும் கலந்த ருசி.
துப்பி, கொப்பளித்து, மறுபடி துப்பித்
திரும்புவதற்குள் வாளியில் கால்வாசி.

கற்களுக்கிடையே குத்தக் குத்தப்
பழுப்புப் புகை கிளம்பிக்
குழாய்க்குள் ஓடுகிறது.
ஒரு வாரம் தின்றது, கழித்தது.
கட்டைவிரல் நீள உடம்பு அது.
ஊதா வாலைச் சுருட்டிக்கொண்டு
சாமான் இறக்கும் ஆட்களுக்கு
வழிவிட்டு நிற்பதுபோல்
கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது.

செப்டம்பரில் தௌரஸ் அப்படித்தான் நின்றான்,
புது வீட்டு நடையில், கோட்டைக் கழற்றாமல்.
எல்லாம் ஒரே வாரம்.
கட்டில் மாறியது, பள்ளி மாறியது,
டிராயரில் கரண்டி இருக்கும் இடம் மாறியது,
இரவில் கழிவறைக்குப் போக
இடமா வலமா என்பதும் மாறியது.
ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்றார் வைதோதஸ்.
நானும் தலையாட்டினேன்.
எங்கேயும் யாரும்
நீல டேப் ஒட்டியிருக்கவில்லை.

ஐயோ.
கோட்டுக்கு இரண்டு விரல் கீழே போய்விட்டது.
குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு
அடுப்படியில் அப்படியே நிற்கிறேன்.
பிறகு
வாளியிலிருந்து, மேலாக, அழுக்கு கலங்காமல்
பழைய தண்ணீரையே மொண்டு
திருப்பி ஊற்றுகிறேன்,
ஒரு குவளை, இன்னொன்று, டேப் வரைக்கும்.
யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

அதன்மேல் புதுத் தண்ணீர்.
கெட்டிலில் சுடவைத்ததைக் கலந்து
முழங்கையால் சூடு பார்த்து,
கை அணைகொடுக்க, மெல்ல.
அட்மிரல் வால் விரிக்கிறது.
துடைத்த கண்ணாடியில் தன்னையே பார்த்துச்
செவுளை உப்பிச் சண்டைக்குப் போகிறது,
அலுத்துத் திரும்புகிறது.

போன்.
கோட்டுக்குக் கீழே போச்சா?
ரெண்டு விரல். உடனே திருப்பி ஊத்திட்டேன்.
பலங்காவிலிருந்து நீண்ட மௌனம்.
பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்.
சாப்பிட்டுச்சா?
சாப்பிட்டுச்சு. நாலு உருண்டை.
அப்படின்னா சரி, வீடு தெரிஞ்சிருக்கு.
நீ சாப்பிட்டியா தௌரஸ்?
ம்.
அந்த ஒற்றை எழுத்தைக்
காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம்.

ஹீட்டரின் சிவப்புக் கண் திறந்திருக்கிறது.
இருட்டுகிறது, மணி நான்குகூட ஆகவில்லை.
வாளித் தண்ணீரை
இன்னும் கொட்டவில்லை.