கதவு மட்டும் வேறு சிவப்பு

பட்டர்வொர்த் பக்கமிருந்து கடல் தாண்டி வரும் வெளிச்சம்
ஜெலுத்தோங்கில் எங்கள் களத்தில்
எட்டே கால் வரைதான் ஒழுங்காக நடந்துகொள்ளும்.
அதற்குள் ஷஃபிகுல்
முப்பத்தொரு காடிகளுக்கும் முகம் கழுவிவிட வேண்டும்.
அதற்குள் நான் எடுத்துவிட வேண்டும்.
பிறகு வெயில் கூரைகளில் ஏறி உட்கார்ந்து
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் தழும்பு வைத்துவிடும்.

காடிக்குப் பதினாறு படம். பன்னிரண்டு வெள்ளி.
மூக்கு, முக்கால் பார்வை, முதுகு,
ஓடிய தூரத்தின் எண்,
கறை தெரியாத கோணத்தில் பின் இருக்கை.

கைப்பேசியில் எடுத்தால்
மைவியும் பேத்தை மீனாகிவிடுகிறது,
முகம் உப்பி, வால் சூம்பி.
அதனால்தான் கொம்தார், மூன்றாம் மாடி, சியா கடை.

"என்ன எடுக்கிறாய்? பறவையா, கல்யாணமா?"
"காடி."
"ஓடுகிறதா, நிற்கிறதா?"
"நிற்கிறது. தவணை கட்ட ஆளில்லாமல் நிற்கிறது."
நிற்பதற்கு வேகம் எதற்கு என்று
விலை கூடிய மூன்றையும் அலமாரிக்குள் திருப்பி வைத்தார்.
மிஞ்சியது யாரோ விற்றுப்போன ஒன்று.
கனம். விளிம்பில் கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிந்தது.
எண்பத்தோராயிரம் தடவை இமைத்திருக்கிறதாம்.
அதற்கும் மீட்டர் உண்டா!
அதைத் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன்,
தொழில் பழக்கம்.

கூடவே ஒரு லென்ஸ்,
காடியை விட்டு இருபது அடி தள்ளிப் போய் நில் என்று சொல்கிற லென்ஸ்.
முன்னால் திருகிக்கொள்ள ஒரு கருங்கண்ணாடி வளையம்:
இப்படித் திருப்பினால் கதவில் வானம் இருக்கும்,
அப்படித் திருப்பினால் வானம் கழன்றுவிடும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆறு தவணை.
களத்தில் நிற்கிற எல்லாமே
இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

திங்கட்கிழமை, சிவப்பு சாகா.
வளையத்தைத் திருப்பினேன்.
மேகம் போனது, விளக்குக் கம்பம் போனது,
கதவில் குனிந்து நின்ற நானும் போனேன்.
மிச்சமிருந்தது கதவு.
இடப்பக்க முன்கதவு மட்டும் வேறு சிவப்பு.
ஆரஞ்சுத் தோல் போலப் பொரிந்த பெயின்ட்,
எங்கோ எதிலோ மோதிப் பிழைத்த சிவப்பு.
எங்கள் அட்டையிலோ "விபத்து இல்லை".

தியோ தவுக்கே திரையைப் பார்த்தார்.
காடியைப் பார்த்தார். மறுபடி திரையை.
"தங்கச்சி, உன் கேமரா ரொம்பப் பேசுது.
பழைய போன்லயே எடு."

எடுத்தேன். பேத்தை மீன்கள்.
கேமரா பைக்குள் இருந்து
மாதாமாதம் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டது.

சாகாவைப் பார்க்க வந்தவள் தமயந்தி.
செபராங் ஜெயா ஆஸ்பத்திரி, இரவுப் பணி முடிந்து நேராக.
மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து
மழை குடித்துச் சலித்தவள்.
விலை பேசி, முன்பணம் எண்ணும்போது கேட்டாள்:
"அக்கா, காடியோட என்னை ஒரு படம் எடுங்களேன்,
அம்மாவுக்கு அனுப்பணும்."

கை தானாகவே பைக்குள் போனது.
அவள் சாய்ந்தது அந்தக் கதவில்.
வளையம் என் விரலில்.
வானத்தை வைக்கவா, எடுக்கவா?
தியோ அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

எடுத்தேன்.
அவள் தன் முகத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தாள்.
கண்ணின் கருவளையத்துக்குச் சிரித்தாள்.
பிறகு சிரிப்பு நின்றது.
நாளெல்லாம் தோலின் நிறமாற்றம் பார்க்கிறவளுக்கு
நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆயிரத்து இருநூறு குறைக்கச் சொன்னாள்.
எண்ணூறு குறைந்தது.
வாங்கிக்கொண்டு போனாள், அதே காடியை,
அதே கதவோடு, ஹார்ன் ஒன்று அடித்துவிட்டு.

அன்று முழுக்க தியோ என்னோடு பேசவில்லை.
மறுநாள் தேநீர்ப் பொட்டலம் ஒன்றைக் கேமரா பக்கத்தில் வைத்தார்.
"வெள்ளிக்கிழமை சுங்கைப்பட்டாணியில் ஏலம்.
வங்கிக்காரன் எல்லாத்தையும் மெழுகு போட்டு வச்சிருப்பான்.
அதை எடுத்துக்கிட்டு வா.
வாங்கறதுக்கு முந்தி பார்க்கலாம்.

விக்கறதுக்கு,"
என்று ஒரு மிடறு குடித்தார்,
"போன் போதும்."