இடமிருந்து ஆறாவது

ரீகா. மேல்மாடம், கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
பாதி மேடைதான் தெரியும்.
அந்தப் பாதியோடு எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

பக்கத்து இருக்கை எவால்ட்ஸ்
முப்பத்திரண்டு சுழற்சிகளையும் உதட்டால் எண்ணுவார்.
முப்பதோடு நின்றுவிட்டால்
இடைவேளையில் காப்பி இறங்காது அவருக்கு.
பாரிஸில் யார் விலகினார்கள்,
லண்டனில் யாருக்குக் கணுக்கால் பிசகியது,
எல்லாம் அத்துப்படி.
நாயகியைத் தவிர வேறு யாரும்
அவர் கண்ணில் பட்டதில்லை.

எனக்கு
பனித்துகள் கூட்டத்தில் இடமிருந்து ஆறாவது.
நிகழ்ச்சித்தாளின் அடியில் பொடி எழுத்து:
டாக்னியா ஸ்ட்ரௌட்மனே.
நான்கு வருஷமாக அந்தப் பெயர்
ஒரு வரிகூட மேலே ஏறவில்லை.
முழங்காலில் கட்டோடு ஆடிய மார்ச் மாதம் எனக்குத் தெரியும்.
மற்றவர்கள் குதித்து இறங்கினால்
மேல்மாடம்வரை தொப் தொப்.
அவள் பூனை.

நேற்று, கடைசி டிராம்.
எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.
மடியில் உருளைக்கிழங்குப் பை.
பூட்ஸைத் தளர்த்திக்
கட்டைவிரலை அமுக்கிக்கொண்டாள்.
தோளிலிருந்த பனி
அடுத்த நிறுத்தத்துக்குள் உருகி ஓடிற்று.
காதோர முடியில் ஒன்று மட்டும்
உருகவில்லை.
காகிதம்.

சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன்.
வாயில் வந்தது:
"இது டௌகவா பாலம் தாண்டிப் போகுமா?"
தினமும் நான் போகிற வழி.

"போகும்."

அவள் இறங்கியபோது
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
இரும்புப் படி, பிறகு உறைந்த தெரு.
சத்தமே இல்லை.

எவால்ட்ஸிடம் சொல்லப் போவதில்லை.
அவர் எண்ணட்டும்.