மூன்று, எடை பூஜ்யம்

புந்தா அரேனாஸில் அன்றைக்குக் காற்று
மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள.
கப்பல் கிளம்பாது என்று துறைமுகம் சொன்ன
நாலாவது நிமிடம்
ஆயிரத்து எழுநூறு பேர்
எங்கள் வாசலில் நின்றார்கள்,
அடுத்தது எப்போது என்ற ஒரே கேள்வியோடு.

வாசலில் இருப்பது ஒரே ஒரு வெப் சர்வர்.
உள்ளே பரிமாற ஐந்து பேர்.
வருகிறவரை வாசல் பார்க்கிறது,
எந்தக் கை காலி என்று பார்க்கிறது,
அனுப்பிவிடுகிறது.
பரிமாறிய கை எதுவென்று
உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

பதினொன்றே காலுக்கு
மூன்றாம் சர்வரின் டிஸ்க்
பல் கடிக்கத் தொடங்கியது.

"ரீஸ்டார்ட் பண்ணு நெலிதா" என்று
போனில் கத்தினான் யெர்கோ.
"பட்டியலில் மூன்றை அடி, ரீஸ்டார்ட் பண்ணு, தூங்கப் போ."
அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று
ஹீட்டர் முதல் கல்யாணம் வரை நம்புகிறவன்.
இரண்டாவது கல்யாணமும்
அப்படித்தான் போயிற்று.

ரீஸ்டார்ட் என்றால் இரண்டே விநாடி.
அந்த இரண்டு விநாடியில்
பெயரைப் பாதி எழுதியவர்,
கார்டு எண்ணில் கடைசி நாலு இலக்கம் பாக்கி உள்ளவர்,
மடியில் குழந்தையோடு ஒரு விரலால் தட்டுகிறவர்,
அத்தனை பேரையும்
சாப்பிட்ட கையோடு எழுப்ப வேண்டும்.
பந்தி நடுவில்
விளக்கை அணைப்பார்களா?

போன குளிர்காலத்தில் நான் ஒரு வழி செய்துவைத்திருந்தேன்.
பட்டியலை ஃபைலில் பூட்டாமல்
வொர்க்கர்கள் எல்லாரும் பார்க்கும்படி
நினைவகத்தில் பலகையாக மாட்டியிருந்தேன்.
அழித்து எழுதினால் போதும்.
அடுத்த ஆள் வரும்போது வாசல் அதைப் படித்துக்கொள்ளும்.

எழுதினேன்.
ஆறு: புதிது, எடை ஒன்று. கொஞ்சம் பழகட்டும்.
மூன்று: எடை பூஜ்யம்.

போய்விடு என்று மூன்றிடம் சொல்லவில்லை.
இருக்கிறவர்களைக் கவனி,
இனிமேல் யாரும் வரமாட்டார்கள்,
அவ்வளவுதான்.

இருநூற்றுப் பன்னிரண்டு.
தொண்ணூறு.
மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன்.
பதினேழு.
ஒன்று.

ஒன்று
ஒன்றாகவே நின்றது.

பத்து நிமிடம் பொறுத்து வெட்டிவிடலாம் என்பது விதி.
விதியை எழுதியவளும் நான்தான்.
லாகைத் திறந்தேன்.
புவெர்தோ வில்லியம்ஸ். ஒரு ஆள்.
போக மட்டும்.
நாலு நிமிடம் கழித்து: போய் வர.
ஆறு நிமிடம் கழித்து: போக மட்டும்.
போய் வர.
பேக்.
போக மட்டும்.

முப்பது மணி நேரக் கடல்.
அந்த முனையில் யார் இருக்கிறார்கள்,
இந்த முனையில் யார் இல்லை,
லாகில் அதற்குக் கட்டம் கிடையாது.

டிஸ்க் மறுபடி நறநறத்தது.
"இன்னுமா? வெட்டு" என்றான் யெர்கோ.
"ஒரே ஒரு ஆள்தானே."
ஆமாம், ஒரே ஒரு ஆள்தான்.
விதியில் பத்தை அடித்து
அறுபது என்று போட்டேன்.
அதற்கும் ரீஸ்டார்ட் தேவைப்படவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறு: போக மட்டும்.
பணம் கட்டியாயிற்று. இணைப்பு மூடியது.
மூன்றை அணைத்தேன்.
விசிறி சுற்றி ஓய்ந்ததும்தான்
அறைக்குள் அது இத்தனை நாள்
எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரிந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு
ஆறாம் சர்வரில் ஒரு டிக்கெட்.
அதே அடையாள எண்.
புவெர்தோ வில்லியம்ஸிலிருந்து இங்கே,
தேதி பிறகு.

ஆறுக்கு எதுவும் தெரியாது.
முன்பின் பார்க்காதவருக்குச் சொல்கிற மாதிரி
வணக்கம் சொல்லி
ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்டிருந்தது.

"முடிந்ததா? ரீஸ்டார்ட் பண்ணினாயா?" என்றான் யெர்கோ,
பாதித் தூக்கத்தில்.
தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
மறுபடி வைத்தேன்.