நாற்பத்தொரு பள்ளங்கள்

ஜபிவுல்லா பானெட்டின் மேல்
டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடிக்கிறார்.
ஒளிக்கோடு நெளிகிற இடமெல்லாம்
ஒரு சாக்பீஸ் வட்டம்.
"நாப்பத்தொண்ணு மேடம்.
கூரையை இன்னும் எண்ணலை."

அவருக்குத் தெரியாது,
பெங்களூருக்கு நேற்று
'லேசான மழைக்கு வாய்ப்பு' என்று எழுதிய கைதான்
அவர் கடை ஸ்டூலில்
டீ கிளாஸைப் பிடித்திருக்கிறது என்று.

விடியலில் விட்ட பலூன் ஒழுங்காகத்தான் ஏறியது.
ஆறு கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் ஆறு.
சித்திரைக்குச் சரியான எண்.
கையெழுத்துப் போட்டேன்.

பலூன் போன பிறகு வந்திருக்கிறது அது.
வடக்கே ஏதோ பெருங்குளிரிலிருந்து
அறுந்து நழுவிய துண்டு.
நாலு மாவட்ட அகலம்.
நிறமில்லை, சத்தமில்லை,
கீழே ஒருவருக்கும்
முழங்கை மயிர்கூடச் சிலிர்க்கவில்லை.

கீழே முப்பத்தாறு டிகிரி.
ஹெண்ணூர் சாலையில் தார் இளகியிருந்தது.
சூட்டுக்காற்று தினமும்தான் கிளம்புகிறது,
பாதி வழியில் தன்னைப் போலொரு வெதுவெதுப்பு எதிர்ப்பட
அங்கேயே நின்று பஞ்சாகிக் கலைகிறது.
நேற்று நிறுத்த ஆளில்லை.
ஏற ஏறச் சுற்றிலும் தன்னைவிடக் குளிர்,
ஆகவே இன்னும் ஏறு.
மூன்று மணிக்குக் காலிஃபிளவர்.
மூன்றரைக்கு ஒரு மலை.
நாலு மணிக்கு உச்சி தட்டையாகி
இதோ இந்தக் கடை மூலையில் கிடக்கும்
அடைகல் மாதிரி.

ஜெயநகரில் வெயில்.
யெலஹங்காவில் வெறும் புழுதி.
பானஸ்வாடியில், என் வீட்டு வாசலில்,
பதினோரு நிமிடம்.

ஆலிகல்லு என்கிறார் இவர் கன்னடத்தில்.
ஆலி. நம் பழைய சொல்தான்.
விழப்போன துளியை மேல்வீச்சு மறுபடி தூக்கி
ஒரு சுற்றுப் பனி பூசி,
மறுபடி தூக்கி,
தாங்க முடியாத எடையில் கைவிட்டது.

ஹேர்டிரையரை ஒரு வட்டத்தில் காட்டுகிறார்.
தகடு சுடும்வரை பொறுத்து
டப்பியைக் கவிழ்த்துக் குளிர் அடிக்கிறார்.
டப்.
பள்ளம் எழும்பிவிட்டது.
"கீழ சூடு, மேல திடீர்னு குளிர்.
சிலது தானா எழும்பும் மேடம்.
எதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

எட்டாயிரத்து ஐந்நூறு.
கண்ணாடிக்குக் கீழே இருப்பதை
அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.
அடித்து வளைத்த மட்கார்டு ஒன்று வெளியே காய்கிறது.
அதற்கு மேலே ஒரே ஒரு மேகம்,
ஓரம் இன்னும் மசமசப்பாக.

ஐந்து மணிக்குள் ஆபீஸ் போக வேண்டும்.
நாளைக்கு ஒரு வரி எழுதணும்.